ட்ராக் 07-ஐப் பாடியது யார்? இலவச இசைத் தொகுப்பைக் கேட்கவும் போடவும் ஒரு முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் வியாசர்பாடி மார்க்கெட் பக்கம் ஒரு செல்போன் கடை இருந்தது. மெமரி கார்டையும் முப்பது ரூபாயையும் நீட்டினால், ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் நானூறு பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். அப்படி வாங்கிய கார்டில் ஒரு மரண கானா இருந்தது. டோலக் மெல்ல நடக்க, கரகரத்த குரலில் ஒருவர் செத்துப்போன நண்பனோடு பேசிக்கொண்டே போவார். எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. போன் திரையில் பாட்டின் பெயர் "ட்ராக் 07". பாடியவர்: "தெரியவில்லை".

பல வருஷம் கழித்து, புளியந்தோப்பில் ஒரு பதினாறாம் நாள் கச்சேரியில் அந்தக் குரலை நேரில் கேட்டேன். முடிந்ததும் போய்ச் சொன்னேன். "அது நான் பாடுனதுதான் தம்பி. எனக்கு ஒரு டீ காசு வரல. அத்த வுடு, பேரையாவது போட்டிருக்கலாம்ல?" என்றார்.

பாட்டு இலவசமாகச் சுற்றுவதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. கானா வளர்ந்ததே அப்படித்தான், சாவு வீட்டிலும் தெருமுனையிலும் யார் டிக்கெட் வாங்கிக் கேட்டார்கள்? ஆனால் பாடியவர் சம்மதத்தோடு சுற்ற வேண்டும். அவர் பெயரும் கூடவே போக வேண்டும். நூறு ரூபாய் கொடுக்கலாம் என்று யாருக்காவது மனசு வந்தால் அதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். மூன்றும் இன்றைக்கு ஒரு போனும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் முடிகிற காரியம். முதலில் கேட்பவருக்கானதைச் சொல்கிறேன், அப்புறம் தொகுப்புப் போட நினைப்பவருக்கு.

எது இலவசம், எது திருட்டு

இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் பாட்டுகளில் சட்டப்படி சரியானவை இரண்டே வகை. கலைஞரே வாய்விட்டு "எடுத்துக்கொள்" என்று கொடுத்தது ஒன்று. உரிமைக்காலம் தீர்ந்துபோனது இன்னொன்று. மற்றதெல்லாம், எவ்வளவு நல்ல வலைத்தளத்தில் இருந்தாலும், அந்த முப்பது ரூபாய் மெமரி கார்டுதான். யூடியூப் முகவரியைப் போட்டால் எம்பி3 துப்பும் தளங்களும் இதில் சேர்த்தி.

கலைஞர்கள் "எடுத்துக்கொள்" என்று சொல்லப் பெரும்பாலும் பயன்படுத்துவது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களை. 2002-இல் தொடங்கியவை, இப்போது மொத்தம் ஆறு. ஆறையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், நான்கு சொற்கள் தெரிந்தால் போதும். "பை" (BY) என்றால் பெயரைச் சொல்ல வேண்டும், இது ஆறிலும் உண்டு. "எஸ்ஏ" (SA) என்றால் நீங்கள் மாற்றிச் செய்ததையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். "என்சி" (NC) என்றால் காசு பண்ணும் நோக்கம் கூடாது. "என்டி" (ND) என்றால் மாற்றியதைப் பகிரக் கூடாது.

கடைசி ஒன்றில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். என்டி என்றால் ரீமிக்ஸ் கூடாது என்று மட்டும் நினைக்கிறோம். ஆனால் ஓடும் படத்தோடு பாட்டைப் பொருத்தினாலே அது மாற்றிய படைப்பு என்று அந்த உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. அதாவது, என்டி பாட்டை அப்படியே வைத்து ஒரு ரீல்ஸ் போட்டாலும் தப்பு. என்சி பாட்டை விளம்பர வருமானம் வருகிற சேனலில் போடுவதும் வம்புதான். கேட்கலாம், இறக்கலாம், நண்பருக்கு அனுப்பலாம். அதற்கு மேல் எதற்கும் உரிமத்தைப் படிக்க வேண்டும்.

உரிமைக்காலம் முடிந்தவற்றுக்கு வருவோம். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு, வெளியான வருஷத்துக்கு அடுத்து 60 ஆண்டு. எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும், அவர்கள் இறந்த வருஷத்துக்கு அடுத்து 60 ஆண்டு. இந்த இரண்டும் தனித்தனிக் கணக்கு. 1960-இல் வந்த இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 கடைசியில் முடிந்துவிட்டது. ஆனால் அதன் இசையமைப்பாளர் 1990-இல் காலமாகியிருந்தால் மெட்டு 2050 வரை அவர் வாரிசுகளுடையதாகவோ, உரிமையை எழுதி வாங்கியவருடையதாகவோ இருக்கும். "பழைய பாட்டுதானே" என்று அள்ளிப் போடுகிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கைப் பார்ப்பதில்லை.

எங்கே தேடுவது

நான் முதலில் போவது இன்டர்நெட் ஆர்க்கைவ். 1996-இல் தொடங்கிய, லாப நோக்கமில்லாத இணைய நூலகம். அதற்குள் "நெட்லேபிள்ஸ்" என்று ஒரு பிரிவு உண்டு. இணையத்திலேயே இலவசமாக வெளியிடும் சின்னச் சின்ன இசை நிறுவனங்களின் தொகுப்புகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் பதிவேற்றலாம் என்பதால் அங்கே இருப்பதெல்லாம் சட்டப்படி சரி என்று நம்பிவிடக் கூடாது. பக்கத்தில் உரிமம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால், பதிவேற்றியவரும் பாடியவரும் ஒருவர்தானா என்று பாருங்கள். இரண்டும் இல்லையா, விட்டுவிடுங்கள்.

ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ் 2009-இல் டபிள்யூஎஃப்எம்யூ என்ற அமெரிக்க வானொலி நிலையம் தொடங்கியது. ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் உரிமம் தெளிவாக இருக்கும், புதிதாக வருபவருக்கு இதுதான் சுலபம். ஜமெண்டோ, சிசிமிக்ஸ்டர் இரண்டும் இதே ரகம். மேற்கத்திய செவ்வியல் இசைக்கு மியூசோப்பன். இவற்றில் தமிழைத் தேடினால் கை நிறைய ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் இந்தக் கட்டுரையின் பாதி தொகுப்புப் போடுவதைப் பற்றியது.

பேண்ட்கேம்ப் தனியாகச் சொல்ல வேண்டியது. 2008 முதல் இருக்கிறது, தனியிசைக் கலைஞர்கள் நேரடியாக விற்கும் இடம். பல தொகுப்புகளுக்கு "உங்கள் விருப்ப விலை" என்று இருக்கும். பூஜ்யம் அடித்தாலும் இறங்கும். சில சமயம் மின்னஞ்சல் கேட்கும், கொடுங்கள், கலைஞர் அடுத்த பாட்டு போடும்போது சொல்வதற்குத்தான். முதலில் பூஜ்யம் போட்டு இறக்கி, ஒரு வாரம் கேட்டுவிட்டு, பிடித்தால் திரும்பப் போய்க் காசு கொடுப்பது என் பழக்கம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இறக்கும்போது எம்பி3 எடுப்பதா, ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய கோப்பு) எடுப்பதா? நான்கு நிமிஷப் பாட்டு 320 தரத்து எம்பி3-இல் சுமார் 10 எம்பி, ஃப்ளாக்கில் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. பஸ்ஸில் கேட்க எம்பி3 போதும். பத்திரமாக வைக்க ஃப்ளாக். எதுவானாலும் கோப்புடன் வரும் சின்ன எழுத்துக் கோப்பை அழிக்காதீர்கள். பாடியவர், வாசித்தவர், உரிமம் எல்லாம் அதில்தான் இருக்கும். அதைத் தூக்கி எறிகிற இடத்தில்தான் ஒரு பாட்டு ட்ராக் 07 ஆகிறது.

காசு கொடுப்பது எப்படி

ஸ்ட்ரீமிங்கில் கேட்டாலே கலைஞருக்குப் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவுக்கான ராயல்டி எதுவும் இல்லை. ஒரு தெருவே திரும்பத் திரும்பக் கேட்டாலும் ஆயிரத்தைத் தொடாத பாட்டு நம் பக்கம் எவ்வளவோ இருக்கும். பேண்ட்கேம்ப்பில் டிஜிட்டல் விற்பனையில் நிறுவனம் எடுப்பது 15 சதவீதம், பணம் செலுத்தும் கட்டணம் தனி. 2020 மார்ச் 20-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளி நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள்.

ஆனால் நமக்கு ஒரு முட்டுக்கட்டை. அங்கே கலைஞருக்குப் பணம் போவது பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியே. பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. பெர்லினில் இருப்பவர் பெரம்பூர்ப் பையனுக்குக் காசு அனுப்பலாம், பெரம்பூரிலேயே இருப்பவர் அனுப்பப் போனால் முழிக்க வேண்டும். எனவே உள்ளூர்க் கலைஞருக்கு நேராக யூபிஐதான். பக்கத்தில் முகவரி இல்லையென்றால் கேளுங்கள். "அண்ணே, ஜிபே நம்பர் குடுங்க" என்று கேட்டால் கோபித்துக்கொண்ட கலைஞரை நான் இதுவரை பார்த்ததில்லை.

கச்சேரிக்குப் போவதும் காசுதான். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல் முறை மேடையேறியபோது, சாவு வீட்டுப் பாட்டு என்று பலர் ஒதுக்கிவைத்த கானாவுக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று ஊரே பார்த்தது. 2020 டிசம்பர் முதல் நடக்கும் "மார்கழியில் மக்களிசை" என்ற இசைவிழாவும் அந்த வழியில் வந்ததுதான்.

இனி நீங்களே போடுவது: முதலில் மெட்டு

எட்டுப் பாட்டு போதும். இருபது சேர்க்க ஆசை வரும். இருபது பாட்டுக்குச் சம்மதம் வாங்கிப் பார்த்தால் ஆசை தானாகப் போய்விடும்.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "மெட்டு யாருது?" கானாவில் இது பெரிய சிக்கல். பாதிப் பாட்டுகள் சினிமா மெட்டில் புது வரி போட்டவை. தெருவில் பாடும்போது யாரும் கேட்பதில்லை. தொகுப்பில் ஏற்றி உலகத்துக்கே கொடுக்கும்போது கேட்பார்கள். வரி உங்களுடையது என்பது உண்மை, மெட்டு வேறொருவருடையது என்பதும் உண்மை. பதிப்புரிமைச் சட்டத்தில் 31சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. முதல் பதிவு வந்த வருஷம் முடிந்து ஐந்து ஆண்டு போனால், முன்கூட்டியே ராயல்டி கட்டி இன்னொரு முறை பாடி வெளியிடலாம். ஆனால் வரியை மாற்ற அது இடம் கொடுக்காது, வருஷத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி கட்ட வேண்டும். நம் கைக்கு எட்டுகிற காரியம் இல்லை. சினிமா மெட்டுப் பாட்டுகளை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், தொகுப்பில் சேர்க்காதீர்கள். எனக்குப் பிடித்த இரண்டு பாட்டை நான் அப்படித்தான் விட்டேன். இன்னும் வயிறு எரிகிறது.

சொந்த மெட்டு இல்லாதவருக்கு வேறு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. பட்டினத்தார் சமாதி திருவொற்றியூரில். வள்ளலார் ஏழுகிணறு வீட்டிலிருந்து நடந்து கந்தகோட்டத்துக்கும் திருவொற்றியூருக்கும் போய்ப் பாடியவர், மறைந்தது 1874-இல். இவர்கள் வரி யாருடைய சொத்தும் இல்லை. மரண கானாவில் நிலையாமை பாடுகிற சித்தர் வாடை ஏற்கெனவே இருக்கிறது, அதை நேராகவே எடுத்துப் புது மெட்டில் பாடலாம். ஒன்றை மட்டும் பாருங்கள். வள்ளலார் வரி பொதுச் சொத்து, போன வருஷம் ஒருவர் அதற்குப் போட்ட மெட்டும் பதிவும் பொதுச் சொத்து அல்ல.

யூடியூபில் "ஃப்ரீ" என்று போட்டிருக்கும் பீட்டை எடுத்து ராப் பாடும் தம்பிகளுக்கும் இதே எச்சரிக்கை. அந்த "ஃப்ரீ" பெரும்பாலும் காசு வராதவரைக்கும்தான். பீட் செய்தவரிடம் ஒரு வரி எழுத்தில் வாங்குங்கள்.

சம்மதத் தாள்

இதில்தான் நான் முதலில் சறுக்கினேன். எல்லாரும் தெரிந்தவர்கள், வாய்ச்சொல் போதும் என்று இருந்துவிட்டேன். பாடியவர் சரி என்றார், பாட்டு எழுதியவர் வேறொருவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரைத் தேடி மூலக்கொத்தளத்துக்கும் கொருக்குப்பேட்டைக்கும் மூன்று வாரம் அலைந்தேன்.

ஒரு பாட்டில் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், வாசித்தவர்கள், பதிவு செய்ததற்குப் பொறுப்பானவர் என்று ஐந்து வகை ஆட்கள் இருக்கலாம். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று 50 ஆண்டுக்கு ஒன்று உண்டு. ஆகவே டோலக் அண்ணனும் சட்டி வாசித்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவு. நான் பயன்படுத்தும் தாளில் இவ்வளவுதான் இருக்கிறது. இது எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் ஒருவரே என்றால் அவருக்கானது, மற்றவர்களுக்கு அவர்கள் பங்குக்கு ஏற்றபடி சொல்லை மாற்றிக்கொள்வேன்:

"நான் எழுதி, மெட்டமைத்துப் பாடிய ______ என்ற பாட்டை ______ என்ற இலவசத் தொகுப்பில் சேர்க்கச் சம்மதிக்கிறேன். உரிமை என்னிடமே இருக்கும். யார் வேண்டுமானாலும் என் பெயரைச் சொல்லி, காசு பண்ணும் நோக்கமில்லாமல், இதைப் பகிரலாம், மாற்றி அமைக்கலாம் (கிரியேட்டிவ் காமன்ஸ் பை-என்சி 4.0). கொடுத்த இந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்பது எனக்குத் தெரியும். என் பெயர் வர வேண்டிய விதம்: ______. யூபிஐ: ______."

திரும்பப் பெற முடியாது என்ற வரியை நானே வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். "இன்னா தம்பி, துட்டும் தர மாட்டேன்ற, எழுதி வேற வாங்குற?" என்று கேட்ட ஒருவர், உரிமை அவரிடமே இருக்கும் என்ற வரி வந்ததும் தாளை வாங்கிப் பார்த்தார். அதுவரை அவர் கையெழுத்துப் போட்ட தாள்களெல்லாம் உரிமையை எழுதிக் கொடுத்தவையாம். அப்படிக் கொடுத்திருந்தாலும் அந்தத் தாளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். காலம் எவ்வளவு என்று எழுதாமல் உரிமையை மாற்றிக் கொடுத்திருந்தால், 19-வது பிரிவின்படி அது ஐந்து ஆண்டுதான்.

ஏன் பை-என்சி? என்டி போட்டால் தெருப் பசங்க டான்ஸ் ரீல்ஸ் போட முடியாது. வெறும் பை போட்டால், யாரோ ஒருவர் மொத்தத்தையும் எடுத்து விற்கலாம். இன்னொன்று, பாட்டாசிரியரோ இசையமைப்பாளரோ ஐபிஆர்எஸ் உறுப்பினரா என்று கேளுங்கள். பாட்டாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் சங்கம் அது, 1969 முதல் இருக்கிறது. உறுப்பினர்கள் சில உரிமைகளை அதனிடம் ஒப்படைத்திருப்பார்கள், பிறகு தனியாக இப்படி அனுமதி கொடுக்க முடியாமல் போகலாம். முதலில் சங்கத்திடம் கேட்கச் சொல்லுங்கள்.

பதிவு, பெயர், பதிவேற்றம்

பதிவுக்கு ஸ்டுடியோ வேண்டாம். மெத்தை, துணி நிறைந்த ஒரு அறை, ஃபேன் அணைத்திருக்க வேண்டும். நாங்கள் வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் பதிவு செய்தோம். ஒவ்வொரு டேக்கும் இரண்டு மின்சார ரயிலுக்கு நடுவில். போனில் வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு) வடிவில் எடுங்கள், டோலக் அடி உச்சத்தில் சிவப்பைத் தொடக் கூடாது. போனைப் பாடுபவருக்கு ஒரு முழம் தள்ளி, டோலக்கை இன்னும் ஐந்தடி பின்னால் வைத்தால் குரல் முன்னே நிற்கும். அப்புறம் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் எல்லாப் பாட்டின் சத்தத்தையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்-க்கு (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) கொண்டுவாருங்கள். இல்லையென்றால் கேட்பவர் பாட்டுக்குப் பாட்டு வால்யூமைத் திருகிக்கொண்டிருப்பார்.

அடுத்து கோப்புக்குள் பெயர். அதற்கு எம்பி3டேக் (விண்டோஸ் கணினியில்) அல்லது மியூசிக்பிரைன்ஸ் பிகார்ட் என்ற மென்பொருள், இரண்டும் இலவசம். கலைஞர் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள், தேடுகிறவர் எதில் தேடுவார் என்று தெரியாது. குறிப்பு இடத்தில் வாசித்தவர்கள், உரிமம், யூபிஐ. கோப்பின் பெயரிலேயே பாடியவர் பெயர் இருக்கட்டும். வாட்ஸப்பில் கைமாறும்போது மிஞ்சப்போவது அநேகமாக அதுதான்.

யூபிஐயில் ஒரு கவனம். பலருடைய முகவரி போன் நம்பராகவே இருக்கும். அதை உலகத்துக்குப் போடுவது, முக்கியமாகப் பாடும் பெண்களுக்கு, ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தெரியாத அழைப்பு வருவதற்கான வழி. நம்பர் இல்லாத இன்னொரு முகவரியை ஆப்பிலேயே உருவாக்கிக்கொள்ளலாம். எல்லாப் பணத்தையும் உங்கள் கணக்கில் வாங்கிப் பிரித்துக்கொடுக்கும் வேலையே வேண்டாம், நட்பு கெடும். அவரவர் பாட்டுக்கு அவரவர் கியூஆர்.

பதிவேற்ற இன்டர்நெட் ஆர்க்கைவில் கணக்குத் திறந்து, வேவ் அல்லது ஃப்ளாக் கோப்புகளை ஏற்றினால் எம்பி3-ஐ அதுவே செய்துகொள்ளும். மொழி தமிழ், உரிமம் பை-என்சி என்று தேர்ந்தெடுங்கள். சம்மதத் தாள்களை ஏற்ற வேண்டாம், வீட்டில் ஒரு ஃபைலில் இருக்கட்டும். அவரவர் பாட்டை அவரவர் பேண்ட்கேம்ப் கணக்கில் விருப்ப விலைக்கும் வைக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களுக்கு அது வசதி.

யூடியூபில் கலைஞர் தன் சேனலில் போடும்போது ஒரு தொல்லை வரலாம். எங்களில் ஒருவருக்கு, அவர் பாடிய பாட்டுக்கே உரிமை கோரல் வந்தது. அவர் அதே பாட்டைப் பாடிய ஒரு கச்சேரியைப் படமெடுத்த வேறொரு சேனல் முந்திக்கொண்டு பதிவு செய்திருந்தது. பயந்துபோய் அழித்துவிடாமல் மறுப்பு கொடுங்கள். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம், பதில் இல்லையென்றால் கோரல் விழுந்துவிடும். எங்களுக்குக் கை கொடுத்தது மூல வேவ் கோப்பும் தேதி போட்ட சம்மதத் தாளும்.

வெளியிட்ட பிறகு செல்போன் கடைகளுக்கும் ஒரு பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கார்டில் ஏற்ற அவர்கள் காசு வாங்குகிறார்களே, என்சி உரிமம் தாங்குமா என்று கேட்டால், எட்டுப் பாட்டுக்கும் கையெழுத்துப் போட்ட எல்லாரிடமும் அதற்குத் தனியாகக் கேட்டு, எல்லாரும் சரி என்ற பிறகுதான் கொடுத்தேன். உரிமத்துக்கு மேல் சலுகை கொடுக்க உரிமையாளருக்கு எப்போதும் முடியும்.

தப்பு இருந்தால் ஆர்க்கைவில் பெயர், விவரம் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், பக்கத்தின் முகவரியை மட்டும் மாற்ற முடியாது. அதனால் முகவரியை அடிக்கும்போது இரண்டு பேர் சேர்ந்து படியுங்கள். வெளியிட்ட அன்று ராத்திரி பதினோரு மணிக்கு டோலக் அண்ணன் கூப்பிட்டார், அவர் பெயரில் "ழ" போட வேண்டிய இடத்தில் "ல" போட்டிருந்தேன். இரண்டு நிமிஷத்தில் மாற்றிவிட்டேன். எங்கள் பக்கத்தின் முகவரியில் ஆங்கிலத்தில் கானா என்று அடிக்கும்போது விட்டுப்போன ஒரு எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது.